மலைநடைக்கு நம்பகமான திசைகாட்டி: முதலில் ஊசியைப் பாருங்கள்

"அடுத்த ஜூனில் நண்பர்கள் நால்வர் இமாச்சலத்தின் ஹம்ப்டா கணவாயைக் கடக்கப் போகிறோம். அதற்கு முன் பயிற்சியாக மேற்குத் தொடர்ச்சி மலையில் இரண்டு மூன்று முறை நடக்க எண்ணியிருக்கிறோம். கைப்பேசியிலேயே திசைகாட்டி இருக்கும்போது தனியாக ஒன்று தேவையா? தேவை என்றால், சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, சில ஆயிரத்துக்கும் கிடைக்கிறது. எதை நம்பி வாங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேவை என்பதே என் பதில். எதை வாங்குவது என்பதற்கு, கண்ணாடி உண்டா, விசில் உண்டா, இருட்டில் ஒளிருமா என்று விளம்பரங்கள் அடுக்கும் வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை. ஒரு திசைகாட்டியின் நம்பகத்தன்மை அதன் ஊசியிலும், ஊசி நிற்கும் கூர்முனையிலும், அதைச் சூழ்ந்திருக்கும் திரவத்திலும்தான் இருக்கிறது, மற்றவையெல்லாம் வசதிகள். அதிலும், தென்னிந்தியாவில் நடக்கத் தொடங்கி இமயமலைக்குப் போகிற உங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருந்து எழுதுகிறவர்களுக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றாது என்பதால், அதையே முதலில் விரிவாகச் சொல்கிறேன்.

புவியின் காந்தப்புலம் எல்லா இடத்திலும் தரைக்கு இணையாக ஓடுவதில்லை. காந்த நடுக்கோட்டில் மட்டுமே அது கிடைமட்டமாக இருக்கும். அங்கிருந்து வடக்கே போகப் போக, ஊசியின் வடமுனையைத் தரையை நோக்கி இழுக்கும் விதமாகச் சரிந்துகொண்டே போய், காந்த வடதுருவத்தில் செங்குத்தாகிவிடும். இந்தக் கோணத்தைத்தான் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் காந்தச் சரிவு என்று படித்தோம். காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963-இல் நம் நாட்டிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவுவதற்குத் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்ற மீனவர் கிராமத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அந்தக் கோடு அங்கே பக்கத்தில் இருந்ததுதான். ஆகவே கன்னியாகுமரிப் பக்கம் சரிவு ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். பாடநூல் கணக்கில் சென்னையில் 14 டிகிரியைச் சற்றே தாண்டுகிறது. டெல்லியில் 40 டிகிரிக்கு மேல். நீங்கள் போகும் குலு, லாகுல் பகுதிகளில் 50 டிகிரியை ஒட்டி இருக்கிறது. வட ஐரோப்பாவில் 70 டிகிரியையும் கடந்துவிடுகிறது.

இப்போது ஒரு தயாரிப்பாளரின் இடத்திலிருந்து யோசியுங்கள். ஸ்வீடனிலோ அமெரிக்காவிலோ விற்கும் திசைகாட்டியில் வடமுனை கீழே இழுபடும் என்பதால், ஊசி மட்டமாக நிற்க அதன் தென்பக்கத்தில் சிறிது எடை கூட்டிச் சமன் செய்வார். அதே திசைகாட்டியைத் தென் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தால், வடமுனையை இழுக்க இங்கே எதுவும் இல்லை; கூட்டிய எடை மட்டும் மிஞ்சி நிற்கும். தென்முனை தாழ்ந்துவிடும்.

இதை நான் கண்ணால் கண்டது அகத்தியர்கூடம் போன வழியில். உடன் வந்த நண்பர், அவருடைய அண்ணன் அமெரிக்காவிலிருந்து வாங்கி அனுப்பிய, மூடியில் கண்ணாடி பதித்த உயர்ந்த விலைத் திசைகாட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். புல்மேட்டுக்கு ஏறியதும் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம் சூழ்ந்துகொண்டது. வழிகாட்டியாக வந்த காணி இனத்துப் பெரியவருக்குப் பாதை அத்துப்படி என்பதால் பயமில்லை. பழகிப் பார்க்கலாமே என்று நண்பர் கருவியை உள்ளங்கையில் மட்டமாக வைத்துக்கொண்டு வலப்பக்கம் திரும்பினார். ஊசியும் அவரோடு சேர்ந்து திரும்பியது. குனிந்து பார்த்தபோது, சிவப்பு முனை மேல்மூடியை முட்டிக்கொண்டும், வெள்ளை முனை அடித்தளத்தில் உரசிக்கொண்டும் இருந்தன. என் கையில் இருந்த சிறிய, எளிய திசைகாட்டி காட்டிய வடக்குக்கும் அவருடையது காட்டிய வடக்குக்கும் முப்பது டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தது. கருவியைத் தென்பக்கம் சற்றுத் தாழ்த்திப் பிடித்தபோதுதான் ஊசி விடுபட்டுச் சரியான இடத்துக்கு வந்து நின்றது. அந்தக் கருவியில் எந்தப் பழுதும் இல்லை. அது வேறு ஊருக்காகச் செய்யப்பட்டது, அவ்வளவுதான். வழிகாட்டி இல்லாமல், களைத்துப்போன மாலை நேரத்தில், அந்த ஊசியை நம்பி ஒருவர் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் பதறுகிறது.

எனவே வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் விவரம், அந்த ஊசி எந்த மண்டலத்துக்குச் சமன் செய்யப்பட்டது என்பது. நல்ல தயாரிப்பாளர்கள் இதை மறைப்பதில்லை. சில்வா நிறுவனம் உலகை வட மண்டலம், நடுக்கோட்டு மண்டலம், தென் மண்டலம் என்று மூன்றாகப் பிரித்து முறையே எம்என், எம்இ, எம்எஸ் என்ற எழுத்துகளால் குறிக்கிறது. சூன்டோ நிறுவனம் வட அரைக்கோளத்துக்கு என்எச், தென் அரைக்கோளத்துக்கு எஸ்எச், எங்கும் வேலை செய்வதற்கு ஜி என்று குறிக்கிறது. இந்த ஜி வகையில் காந்தமும் ஊசியும் தனித்தனி உறுப்புகளாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. காந்தம் எந்தப் பக்கம் சரிய முற்பட்டாலும் ஊசி தன் மட்டத்திலேயே சுழலும். கையில் பிடிக்கும்போது தட்டு இருபது டிகிரி வரை சாய்ந்தாலும் அது தடுமாறாது என்பது நடந்துகொண்டே திசை பார்ப்பவர்களுக்குக் கூடுதல் நன்மை. இமயமலைக்கு மட்டும் போகிறவர் வட மண்டல ஊசியை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம். தமிழ்நாடு, கேரளம், இலங்கை மட்டும் போதும் என்பவருக்கு நடுக்கோட்டு மண்டல ஊசி பொருத்தமானது. நீங்கள் இரண்டிலும் நடக்கப் போவதால், உலகப் பொது ஊசி கொண்ட ஒன்றுக்குச் செலவிடுவதே சரி. சூன்டோவின் எம்-3, எம்சி-2 ஆகிய இரண்டுமே இந்த வகையில் கிடைக்கின்றன. இணையத்தில் வாங்கினால் பெயர் ஒன்றாகவே இருக்கும். இறுதியில் வரும் அந்த ஓர் எழுத்தைப் பார்த்து வாங்க வேண்டும். பொருளின் படத்தில் அது தெரியவில்லை என்றால் விற்பவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்து திரவம். ஊசி காற்றில் ஆடினால் நிலைக்கு வர நெடுநேரம் பிடிக்கும்; திரவத்தில் மிதந்தால் ஓரிரு ஆட்டத்தில் அடங்கிவிடும். பின்லாந்தின் டுவோமாஸ் வோலோனென் இப்படித் திரவம் நிரப்பிய திசைகாட்டியைத் தொழிற்சாலையில் பெருமளவில் செய்யும் முறையைக் கண்டு 1936-இல் தொடங்கியதுதான் சூன்டோ. நல்ல கருவியில் ஊசி மூன்று நான்கு விநாடிகளில் அடங்க வேண்டும். திரவத்துக்குள் சிறு குமிழி தோன்றினால் உடனே கவலைப்பட வேண்டாம்: உயரம் ஏறும்போதும் குளிரிலும் கடுகு அளவுக் குமிழி வரும், கீழே இறங்கியதும் மறையும். இறங்கிய பிறகும் மறையாமல், வாரத்துக்கு வாரம் பெரிதாகி, ஊசியைத் தள்ளும் அளவுக்கு வந்துவிட்டால் கசிவு என்று பொருள். அதற்குப் பழுதுபார்ப்பு கிடையாது, மாற்றிவிடுவதுதான் வழி. திரவமும் முனையும் தரமானவையா என்று அறிய ஓர் எளிய சோதனை போதும். கருவியை மேசையில் வைத்து ஊசி நின்றதும் அது காட்டும் டிகிரியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சாவியை அருகில் கொண்டுபோய் ஊசியை இடப்பக்கம் இழுத்து விடுங்கள். பிறகு வலப்பக்கம் இழுத்து விடுங்கள். இரண்டு முறையும் அதே எண்ணுக்குத் திரும்ப வேண்டும். இடமிருந்து வரும்போது ஓரிடத்திலும் வலமிருந்து வரும்போது வேறோரிடத்திலும் நின்றால், கூர்முனையில் உராய்வு இருக்கிறது. நூறு இருநூறு ரூபாய்க்குச் சாவிக்கொத்திலும் விசிலிலும் பதித்து வரும் பொத்தான் திசைகாட்டிகளில் நான் சோதித்தவை பெரும்பாலும் இதில்தான் தோற்றன. நம் பகுதியில் ஊசியைத் திருப்பும் கிடைத்தளக் காந்தவிசை வட ஐரோப்பாவில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வலுவானது. அப்படிப்பட்ட இடத்திலேயே ஓர் ஊசி தயங்கினால் அதை எங்கும் நம்ப முடியாது.

வடிவத்தைப் பொறுத்தவரை எனக்கு ஐயமே இல்லை: அடித்தட்டு வகையைத்தான் வாங்க வேண்டும். ஒளி ஊடுருவும் நீள்சதுரத் தட்டு, அதன்மேல் சுழலும் டிகிரி வளையம், வளையத்தின் அடியில் இணைகோடுகளும் ஊசி வந்து அமர வேண்டிய அம்புக்கூடும் என்ற இந்த அமைப்பு 1930-களில் ஸ்வீடனில் ஷெல்ஸ்ட்ரோம் சகோதரர்களும் கன்னார் டிலாண்டரும் உருவாக்கியது. திசைகாட்டியையும் கோணமானியையும் அளவுகோலையும் ஒன்றாக்கியதுதான் அதன் பெருமை. இருக்கும் இடத்தையும் போக வேண்டிய இடத்தையும் தட்டின் விளிம்பால் வரைபடத்தில் இணைத்து, வளையத்தைத் திருப்பி அதன் கோடுகளை வரைபடத்தின் வடக்கு நோக்கிய கோடுகளோடு பொருத்திவிட்டால், நடக்க வேண்டிய திசைக்கோணம் கையில் கிடைத்துவிடும். பிறகு கருவியைக் கையில் எடுத்து, சிவப்பு முனை அம்புக்கூட்டுக்குள் அமரும்வரை உடலைத் திருப்பினால் போதும். என்சிசியில் பயின்றவர்கள் பிரிஸ்மாட்டிக் காம்பஸைப் பழகியிருப்பார்கள்; சிவில் படித்தவர்கள் அதை முக்காலியில் வைத்து அளந்திருப்பார்கள். கோணம் அளப்பதில் அது மிகத் துல்லியமானது, ஆனால் வரைபடத்தில் கோணம் குறிக்கத் தனியாகக் கோணமானி வேண்டும், எடையும் கூடுதல். ராணுவ பாணியில் பச்சை உலோகப் பெட்டியில் வரும் மலிவான போலிகளை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். பார்ப்பதற்கு உறுதியாக இருப்பதாலேயே அவற்றை நம்பிப் பலர் வாங்கிவிடுகிறார்கள்.

தட்டின் விளிம்பில் உள்ள அளவுகோல்களைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. இந்திய நில அளவைத் துறையின் இடவிளக்க வரைபடங்கள் 1:50,000 அளவில் வருகின்றன; அவற்றில் இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர், ஒரு மில்லிமீட்டர் ஐம்பது மீட்டர். அமெரிக்கச் சந்தைக்கான கருவிகளிலோ 1:24,000 அளவும் அங்குலமும் அச்சிட்டிருக்கும். நமக்கு அது பயன்படாது. மில்லிமீட்டர் அளவுகோலும், கிடைத்தால் 1:50,000 அளவும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். தட்டு பத்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால்தான் வரைபடத்தில் இரண்டு இடங்களை வசதியாக இணைக்க முடியும். வளையத்தில் 0 முதல் 360 வரை டிகிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். ராணுவத்தில் புழங்கும் மில் என்ற 6,400 பிரிவுக் கணக்கு நடைபயணத்துக்குத் தேவையில்லை.

உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் உள்ள வேறுபாடான காந்த ஒதுக்கத்தைத் திருத்திக்கொள்ளும் வசதிக்குப் பல நூல்கள் முதலிடம் கொடுக்கின்றன. அவற்றை எழுதியவர்களின் நாட்டில் அது நியாயம். சியாட்டிலைச் சுற்றி ஒதுக்கம் கிழக்கே 15 டிகிரியை ஒட்டியும், நியூசிலாந்தின் பெரும்பகுதியில் 20 டிகிரிக்கு மேலும் இருக்கிறது. சென்னையில் அது மேற்கே ஒன்று, ஒன்றரை டிகிரி. இமாச்சலத்தில் கிழக்கே இரண்டு மூன்று டிகிரிக்குள். கையில் பிடித்துப் பார்க்கும் சாதாரண அடித்தட்டுத் திசைகாட்டியின் பிழையே இரண்டு, இரண்டரை டிகிரி இருக்கும் என்பதால், இந்தியாவில் மட்டும் நடக்கும் ஒருவர் இந்த வசதிக்காகத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் வேலைக்குப் போய் அங்கே மலையேறும் எண்ணம் இருந்தால் மட்டும் அது அவசியமாகிறது.

கண்ணாடி மூடிக்கு வருவோம். தொலைவில் உள்ள ஒரு சிகரத்தைக் குறிபார்த்துக்கொண்டே ஊசியையும் கண்ணாடியில் காணலாம் என்பதால் பிழை ஓரிரு டிகிரி குறையும். ஒரு டிகிரி பிழை ஒரு கிலோமீட்டரில் 17 மீட்டர் விலகல். ஐந்து டிகிரி என்றால் 87 மீட்டர். அதே பிழையோடு மூன்று கிலோமீட்டர் நடந்தால் 260 மீட்டர் தள்ளிப் போய்விடுவோம். சோலைக்காட்டுக்குள் தொலைவில் எதுவும் தெரியாது, ஆகவே அங்கே கண்ணாடியால் பெரிய பயனில்லை. ஹம்ப்டாவைப் போன்ற திறந்த பள்ளத்தாக்குகளில், இரண்டு சிகரங்களைக் குறிபார்த்து வரைபடத்தில் நம் இருப்பிடத்தைக் கண்டறிய அது உண்மையிலேயே உதவும். கண்ணாடி உள்ள கருவிகள் பலவற்றில் மலைச்சரிவின் கோணத்தை அளக்கும் சிறு தொங்கு முள்ளும் இருக்கும். பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையிலான சரிவுகளில்தான் நிகழ்கிறது. ஜூனில் கணவாயில் பனி மிச்சம் இருக்கக்கூடும் என்பதால் அந்த முள்ளைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. நால்வரில் ஒருவரிடம் கண்ணாடி உள்ளதும் மற்றொருவரிடம் எளிய அடித்தட்டும் இருந்தால் போதுமானது. இரண்டு இருந்தால் ஒன்று தவறும்போது மற்றது காட்டிக்கொடுக்கும்.

கைப்பேசியை நான் குறைத்துச் சொல்லவில்லை. சிக்னல் இல்லாத இடத்திலும் அதன் ஜிபிஎஸ் வேலை செய்யும். முன்கூட்டியே பதிவிறக்கிய வரைபடத்தில் நாம் நிற்கும் இடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் காட்டும். அதை நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதற்குள் இருக்கும் காந்த உணரி அடிக்கடி நிலை தடுமாறி, கையை எட்டு வடிவில் அசைத்துச் சரிசெய்யச் சொல்லும். குளிரில் மின்கலம் திடீரென்று இறங்கும். கொட்டும் மழையில் தொடுதிரை விரலுக்குப் படியாது. இந்த மூன்றும் ஒன்றாக நேரும் வேளையில்தான் திசை தெரியாமல் தவிப்போம்.

கைப்பேசியால் வரும் இன்னொரு கேடு இதைவிடப் பெரியது. நெடுநாள் ஒரே பையில் கைப்பேசியோடு ஒட்டிக் கிடந்தால், அதன் ஒலிபெருக்கியிலும் மூடும் உறையிலும் உள்ள காந்தம் ஊசியின் காந்தத்தையே புரட்டிவிடக்கூடும். அப்படிப் புரண்ட ஊசி தடங்கலின்றி ஆடும், அழகாக நிற்கும், சிவப்பு முனையால் தெற்கைக் காட்டும். பனிமூட்டத்தில் இதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீர்க் குழாயைத் தோள்பட்டையில் பிடித்துவைக்கும் காந்தப் பிடி, பவர்பேங்க், கம்பியில்லா மின்னேற்றி ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பையின் மேல்மூடியில் தனி இடம் ஒதுக்கித் திசைகாட்டியை மட்டும் வையுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் புறப்படும் நாளன்று காலையில் சூரியன் உதிக்கும் பக்கத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். அரை நிமிட வேலை. திசை பார்க்கும்போது வாகனத்திலிருந்து இருபது மீட்டரும், உயர் மின்னழுத்தக் கம்பிகளிலிருந்து அறுபது மீட்டரும் விலகி நில்லுங்கள். ஊன்றுகோல், கத்தி, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கருவியிலிருந்து ஒரு முழமாவது தள்ளி வையுங்கள். பாறையே ஏமாற்றும் இடங்களும் உண்டு. சேலத்துக்குப் பக்கத்தில் உள்ள கஞ்சமலை மாக்னடைட் இரும்புத்தாது நிறைந்தது. அங்கே ஊசியை அப்படியே நம்ப முடியாது. எந்த மலையிலும் ஊசி சந்தேகத்துக்கு இடம் தந்தால், நூறு மீட்டர் நகர்ந்து மீண்டும் பார்த்து ஒப்பிடுவது நல்ல பழக்கம்.

கருவி கைக்கு வந்ததும், திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் வீட்டிலேயே சில சோதனைகளைச் செய்துவிடுங்கள். இரும்பு இல்லாத மரமேசையில் வைத்து, ஊசியின் இரு முனைகளும் அடித்தளத்திலிருந்து ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள். வளையத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ஈரக் கையாலும் சுற்ற முடிய வேண்டும், ஆனால் சட்டை உரசினால் நகரும் அளவுக்குத் தளர்வாக இருக்கக் கூடாது. வளையத்தை வடக்குக்கு வைத்தால், அதன் உட்கோடுகள் தட்டின் நீள விளிம்புக்கு இம்மி பிசகாமல் இணையாக வர வேண்டும். நால்வரும் சேர்ந்து வாங்குகிறீர்கள் என்றால், கருவிகளை ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர் தள்ளி வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று ஒன்றாகக் காட்டி ஒன்று மட்டும் விலகினால் எதைத் திருப்பி அனுப்புவது என்று தெரிந்துவிடும்.

அதன் பிறகு ஏதாவது ஒரு திறந்த மைதானத்துக்குப் போங்கள். தரையில் ஒரு காசை வைத்து, 40 டிகிரியில் நூறு காலடி நடந்து நில்லுங்கள். அங்கிருந்து 160 டிகிரியில் நூறு காலடி, பிறகு 280 டிகிரியில் நூறு காலடி. சமபக்க முக்கோணம் ஆகிவிட்டதால், மூன்றாவது பக்கம் முடியும் இடத்தில் காசு இருக்க வேண்டும். முதல் நாள் பத்துப் பதினைந்து காலடி தள்ளித்தான் நிற்பீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் தொடக்கக் கோணத்தை மாற்றிக்கொண்டு, நால்வரும் தனித்தனியாகச் செய்து பாருங்கள். காசுக்கு மூன்று நான்கு காலடிக்குள் வந்து நிற்கத் தொடங்கியதும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பயணத்துக்கு வனத்துறை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம்.